மாட்டுக்கு ஒன்றும் ஆகாத கிருமி பிள்ளையின் கிட்னியைக் கெடுப்பது எப்படி?

இ.கோலி என்ற பெயர் நம் ஊர்ப் பேச்சில் அடிக்கடி அடிபடுகிறது. அருவியில் குளிக்கத் தடை போட்டால் இ.கோலி, பள்ளி கேண்டீனில் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வயிற்றால் போனால் இ.கோலி, தண்ணீர் ஃபில்டர் விற்க வருபவர் வாயிலும் இ.கோலி. கேட்பவர்களில் ஒரு சாரார், "அது மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு வருவது, நமக்கு வராது" என்று விட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள், "ஆன்டிபயாட்டிக் போட்டால் அடங்கிவிடும்" என்கிறார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது, பிள்ளையின் உயிரோடு விளையாடும் தவறு.

இங்கே பேசப்போவது இ.கோலியின் ஒரு பிரிவை மட்டும்: ஷிகா நச்சைச் சுரக்கும் இ.கோலி. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. செம்பனை மரங்களுக்கு நடுவே மாடுகள் மேய்கின்றன. கொட்டகையில் கறந்த பால் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வருகிறது. சாணம் காய்கறிப் பாத்திக்கும் போகிறது, வாசலுக்கும் வருகிறது. இந்த நோயில் கெடுதல் செய்வது கிருமி விட்டுப்போகும் நச்சு. இதை மட்டும் பிடித்துக்கொண்டால், மருத்துவர்கள் சொல்லும் விசித்திரமான அறிவுரைகளுக்கெல்லாம் காரணம் புரிந்துவிடும்.

எல்லா இ.கோலியும் கெட்டதில்லை

இ.கோலி ஒரு பாக்டீரியா, அதாவது ஒற்றைச் செல்லால் ஆன நுண்ணுயிர். நம் ஒவ்வொருவர் பெருங்குடலிலும் கோடிக்கணக்கில் வாழ்கிறது. பெரும்பாலானவை நமக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை. ஆற்றுத் தண்ணீரில் இ.கோலி இருக்கிறது என்று அறிக்கை வந்தால், அந்தத் தண்ணீரில் மனித மலமோ விலங்கின் மலமோ கலந்திருக்கிறது என்று பொருள். நச்சு சுரக்கும் வகை இருக்கிறது என்று அதற்குப் பொருள் கிடையாது. அதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

வகைகளைப் பிரித்துச் சொல்ல, கிருமியின் மேலுறையில் உள்ள பொருளுக்கு 'ஓ' எண்ணும், அது நீந்தப் பயன்படுத்தும் நூலிழைக்கு 'எச்' எண்ணும் கொடுக்கிறார்கள். அதிகம் பேசப்படும் ஓ157:எச்7 என்ற பெயர் அப்படி வந்தது. ஓ26, ஓ103, ஓ111, ஓ145 போன்ற வேறு வகைகளும் இதே நச்சைச் சுரக்கின்றன. ஆகவே "ஓ157 இல்லை" என்று வரும் ஆய்வக முடிவு, நச்சு சுரக்கும் கிருமியே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

ஷிகா என்பது யார்?

1897இல் ஜப்பானில் ரத்தபேதி பரவி 90,000க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தவர் கியோஷி ஷிகா. அவர் பெயரால் அந்தக் கிருமி ஷிகெல்லா ஆனது, அது சுரந்த நச்சு ஷிகா நச்சு ஆனது.

இ.கோலியும் இந்தக் கதைக்குள் வருவதற்கு எண்பது ஆண்டுகள் ஆயின. 1977இல் கனடாவில் கொனோவல்சுக்கும் அவருடன் பணியாற்றியவர்களும், சில இ.கோலி வகைகள் வெளியிடும் ஒரு பொருள், ஆய்வகத்தில் வளர்த்த குரங்குச் சிறுநீரகச் செல்களைக் கொல்வதைக் கண்டார்கள். 1982இல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில், சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்தமாகவே வயிற்றால் போனது. அவர்களிடம் கிடைத்தது ஓ157:எச்7. அடுத்த ஆண்டே டொரன்டோவில் கர்மாலியின் குழு, திடீரென்று சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகளுக்கும் இந்த நச்சைச் சுரக்கும் கிருமிக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அதுவரை காரணம் தெரியாமல் இருந்த ஒரு குழந்தை நோய்க்கு அங்கேதான் முதல் விடை கிடைத்தது.

நச்சில் ஷிகா 1, ஷிகா 2 என்று இரண்டு வகை உண்டு. முதலாவது, ஜப்பானில் கண்ட ஷிகெல்லா நச்சோடு ஏறக்குறைய முழுதாக ஒத்துப்போகிறது. சிறுநீரகத்தை அதிகம் கெடுப்பது இரண்டாவது.

ஒரு நட்டைக் கழற்றினால் போதும்

செம்பனை ஆலை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் பூட்டிய கேட். உள்ளே பழத்தைப் பிழியும் பிரஸ் இயந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இப்படிப் பல லட்சம் இயந்திரங்கள் புரதத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு ரைபோசோம் என்று பெயர். புரதம் நின்றால் செல் பிழைக்காது.

ஷிகா நச்சு ஆறு துண்டுகளால் ஆனது. ஐந்து துண்டுகள் வட்டமாக ஒட்டிக்கொண்டு சாவியாகின்றன. இவை பி துண்டுகள். ஆறாவது, ஏ துண்டு, கேட் திறந்ததும் உள்ளே போய் வேலையைக் காட்டுவது. அந்தச் சாவிக்குப் பொருந்தும் பூட்டின் பெயர் ஜிபி3. இது செல்லின் வெளிச்சுவரில் நிற்கும், கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு மூலக்கூறு. பூட்டு இருக்கும் செல்லுக்குள் மட்டுமே நச்சால் நுழைய முடியும்.

உள்ளே போன ஏ துண்டு ஆலையை இடிப்பதில்லை, தீ வைப்பதில்லை. ரைபோசோமில் ஒரே ஓர் இடத்தில் அடினின் என்ற சிறு பகுதியைக் கழற்றிவிடுகிறது. பிரஸ்ஸில் ஒரு நட்டைக் கழற்றிப் போட்டதுபோல, அந்த இயந்திரம் நின்றுவிடுகிறது. அதோடு விடாமல் அடுத்த இயந்திரத்துக்குப் போகிறது. ஒரே ஒரு ஏ துண்டு எத்தனையோ ரைபோசோம்களை நிறுத்திவிடும். அதனால்தான் மிகக் குறைந்த நச்சே பெரிய சேதம் செய்கிறது. ஆமணக்கு விதையில் உள்ள ரைசின் என்ற கொடிய நச்சும் ரைபோசோமில் கழற்றுவது இதே அடினினைத்தான். (விளக்கெண்ணெயில் அந்த நச்சு இறங்குவதில்லை, பாட்டி கொடுத்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம்.)

இதுவரை: கிருமி குடலில் தங்கி நச்சை விடுகிறது. நச்சு ரத்தத்தில் ஏறி, ஜிபி3 உள்ள செல்களைத் தேடிப் பிடித்து, அவற்றின் புரதத் தயாரிப்பை நிறுத்துகிறது.

மாடு ஏன் நோயில் விழுவதில்லை, பிள்ளை ஏன் விழுகிறது

மாட்டின் ரத்தக் குழாய்ச் சுவரில் இந்தப் பூட்டு இல்லை. ஆகவே குடல் நிறைய கிருமி இருந்தாலும் மாடு கொழுகொழுவென்று, பால் சுரந்துகொண்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிற்கும். ஆடுகளும் இப்படிக் கிருமியைச் சுமக்கக்கூடும். "எங்கள் மாடு நோய்நொடி இல்லாத மாடு" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது பாலுக்கு உத்தரவாதம் ஆகாது.

மனிதச் சிறுநீரகத்தில் நிலைமை வேறு. ரத்தத்தை வடிகட்டும் மெல்லிய குழாய் முடிச்சுகளின் உட்சுவரில் ஜிபி3 நிறைய இருக்கிறது. நச்சு அங்கே ஒட்டியதும் சுவர்ச் செல்கள் வீங்குகின்றன, சில உதிர்கின்றன. உடல் அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டுகளை அங்கே அனுப்பி அடைக்கிறது. ஆயிரக்கணக்கான நுண்குழாய்களில் இப்படிச் சிறு சிறு உறைவுகள் உண்டாகின்றன. அந்த இடுக்குகளில் நசுங்கிப் போகும் சிவப்பணுக்கள் கிழிகின்றன. மைக்ராஸ்கோப்பின் அடியில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துப் பார்த்தால், வட்டத் தட்டுப்போல இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் மூலை கிழிந்து, ஹெல்மெட் வடிவில், முக்கோண வடிவில் தெரியும்.

ஆக மூன்று கேடுகள் சேர்ந்து வருகின்றன: சிவப்பணு உடைந்து ரத்தசோகை, பிளேட்லெட் குறைவு, சிறுநீரகச் செயலிழப்பு. இந்த மூன்றும் சேர்ந்ததற்கு ஹீமோலிட்டிக் யூரிமிக் சின்ட்ரோம், சுருக்கமாக எச்.யூ.எஸ். என்று பெயர். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குப்படி, இந்தக் கிருமி தொற்றியவர்களில் 100க்கு 10 பேர் வரை இந்த நிலைக்குப் போகலாம். அப்படிப் போனவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். அதிகம் மாட்டிக்கொள்வது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் முதியவர்களும்.

வாய்க்கு வந்து சேரும் வழிகள்

இது சாணத்தின் வழியாகப் பரவும் நோய். இறைச்சி அதில் ஒரு வழி, அவ்வளவே. மாட்டிறைச்சியைத் தொடாத குடும்பத்திலும் பால், தண்ணீர், கீரை, கை என்று நான்கு வழி திறந்திருக்கிறது. நூற்றுக்கும் குறைவான கிருமிகளே ஒருவரை நோயில் தள்ளப் போதும். காலராவுக்குப் பொதுவாக லட்சக்கணக்கில் தேவைப்படும். கண்ணுக்குத் தெரியாத அளவு சாணத் துகளே போதுமென்றால், "பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது" என்ற பேச்சுக்கு இடமில்லை.

பாலை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் கிருமி மடிக்குள்ளிருந்து வருவதில்லை, வெளியிலிருந்து விழுகிறது. மாடு சாணத்தில் படுத்து எழுகிறது, காம்பில் மெல்லிய படலமாகக் காய்ந்து ஒட்டுகிறது. கறப்பவர் மடியில் தண்ணீரை வாரி அடித்துவிட்டு ஈரத்தோடு கறக்கத் தொடங்கினால், அந்த அழுக்குத் தண்ணீர் கை வழியே சொட்டி வாளிக்குள்தான் விழும். கழுவுவதைவிடத் துடைத்து உலர்த்துவது முக்கியம். மாட்டுக்கு ஒரு துணி, ஒரு மாட்டுக்குத் துடைத்ததை இன்னொன்றுக்கு எடுக்கக்கூடாது. முதல் இரண்டு மூன்று பீய்ச்சலை வேறு பாத்திரத்தில் விட்டு ஊற்றிவிட வேண்டும். வாலைக் கட்டிவிட்டுக் கறப்பது நல்லது.

இவ்வளவும் செய்தாலும் கிருமி குறையும், ஒழியாது. பச்சைப் பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலே இந்தக் கிருமி செத்துவிடும். அடுப்பில் பொங்கி வரும் பால் அதைவிட எவ்வளவோ சூடு. கிண்டிக்கொண்டே இருந்து பாத்திரம் முழுவதும் பொங்கி வரும்வரை விடுங்கள். ஓரத்தில் ஆவி வந்ததும் இறக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. காய்ச்சாத பாலில் உறை ஊற்றிய தயிரை நம்ப வேண்டாம். இந்தக் கிருமி புளிப்பைத் தாங்கும், புளிப்பு அதை முழுதாகக் கொல்லாது. கோயிலில் அபிஷேகப் பாலைத் தீர்த்தமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது, கடையில் வாங்கிய பதப்படுத்திய பாலா, கொட்டகைப் பாலா என்று கேட்பதில் தவறில்லை. குடத்தில் நிரப்புவதற்கு முன் காய்ச்சி ஆற்றிவிட்டால் கேள்வியே எழாது.

அடுத்தது தண்ணீர். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் பெருமழை பெய்து, பண்ணைச் சாணம் ஆழமில்லாத கிணறு ஒன்றுக்குள் இறங்கியது. குளோரின் கலப்பது சரியாக நடக்கவில்லை. சுமார் 2,300 பேர் நோயில் விழுந்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். குளோரின் சரியாகக் கலந்த குழாய்த் தண்ணீரில் இந்தக் கிருமி பிழைக்காது. ஆனால் மாட்டுக் கொட்டகையைவிடத் தாழ்வான இடத்தில் கிணறு இருந்தால், ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் அந்தத் தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும். கொப்புளம் விட்டு நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும்.

காய்கறிப் பாத்திக்குப் பச்சைச் சாணம் போடுகிறவர்கள் பலர். சாணத்தில் இந்தக் கிருமி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண்ணைத் தொட்டு வளரும் பயிருக்குப் பச்சை உரம் போட்டால், அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. கீரை அதற்குள் மூன்று முறை வெட்டியாகிவிடும். எனவே கீரைக்குப் பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், மக்கிய உரம் போடுங்கள். உரக்குழியின் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும், வெளிப்பக்கம் உள்ளே போகும்படி பல முறை புரட்டிவிட வேண்டும். புரட்டாத குவியலின் ஓரத்தில் கிருமி அப்படியே இருக்கும். பச்சையாகச் சாப்பிடும் வல்லாரைக்கும், உலாம் என்ற பச்சை இலை வகைகளுக்கும் இது இன்னும் பொருந்தும். சமைக்கும் கீரை பற்றிக் கவலை குறைவு.

முளைகட்டிய தானியத்தை நம்மில் பலர் மருந்தாகவே நினைக்கிறோம். 2011இல் ஜெர்மனியில் ஓ104:எச்4 என்ற வகை பரவி ஏறத்தாழ 3,900 பேருக்கு நோய் வந்தது, 800க்கும் மேற்பட்டோருக்கு எச்.யூ.எஸ்., 50க்கும் மேற்பட்டோர் மரணம். மூலத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்றது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில். பச்சையாகத் தின்ற வெந்தய முளைதான் காரணம். அதற்கு முன் 1996இல் ஜப்பானின் சாக்காய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைத் தாக்கிய பரவலிலும் முள்ளங்கி முளைமீதுதான் சந்தேகம் விழுந்தது. விதையின் வெடிப்புக்குள் ஒரு கிருமி இருந்தால், ஈரத்தோடும் வெதுவெதுப்போடும் இரண்டு மூன்று நாள் வைத்திருப்பது அதற்கு விருந்து. முளை வளர்வதற்குள் அது பல்கிப் பெருகிவிடும். கழுவினால் போகாது. பயறு, வெந்தயம், தவுகே என்ற பயற்றம் முளை எதுவானாலும் சிறு பிள்ளைகளுக்கு வேகவைத்துக் கொடுங்கள்.

இறைச்சியில் கவனிக்க வேண்டியது கொத்திய இறைச்சி. முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சட்டியில் பட்டதும் செத்துவிடும். அரைக்கும்போது மேற்பரப்பு முழுவதும் உள்ளே போய்விடுகிறது. அதனால் பர்கருக்கும் ஆட்டுக் கொத்துக்கறி உருண்டைக்கும் நடுப்பகுதியில் 70 டிகிரி சூடு இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். நிறத்தை நம்பக்கூடாது, சில இறைச்சி சூடு போதாத நிலையிலேயே பழுப்பாகிவிடும். மலேசியாவில் விற்ற மாட்டிறைச்சியில் ஓ157:எச்7 இருந்ததை 1998லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதை வெளிநாட்டுச் செய்தி என்று தள்ளிவிட முடியாது.

கடைசி வழி, கை. கன்றுக்குட்டியைத் தடவிய கை, வாசலில் சாணம் தெளித்த கை, பொங்கலுக்குச் சாணப் பிள்ளையார் பிடித்த கை, பேதியாகும் தம்பியின் டயப்பரை மாற்றிய கை. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 20 விநாடி தேய்த்துக் கழுவ வேண்டும். கையில் அழுக்கு ஒட்டியிருக்கும்போது ஜெல் போதாது. நோய் வந்த சிறு பிள்ளையின் மலத்தில் வாரக்கணக்கில் கிருமி வெளிவரலாம் என்பதால், பேதி நின்ற மறுநாளே தாடிகாவுக்கு, அதாவது பாலர் பள்ளிக்கு, அனுப்பிவிடாமல் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் டைபாய்டு ஊசி இந்தக் கிருமியைத் தடுக்காது. இதற்கென்று மனிதர்களுக்கு அனுமதிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை.

நாள் கணக்கு

கிருமி உள்ளே போன மூன்று நான்கு நாள் கழித்துத்தான் பெரும்பாலும் வயிற்றுவலியும் பேதியும் தொடங்கும். ஒன்று முதல் பத்து நாள் வரை ஆகலாம். ஆகவே நேற்றுச் சாப்பிட்டதைக் குறை சொல்வது பல நேரம் தவறான ஆளைப் பிடிப்பதாகிவிடும். போன வாரம் என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கொட்டகைக்குப் போனார்கள் என்று யோசிக்க வேண்டும்.

முதலில் தண்ணீராகப் போகும். ஓரிரு நாளில் ரத்தம் கலக்கும், சில பிள்ளைகளுக்கு ரத்தமாகவே போகும். வயிற்றை முறுக்கிப் பிழியும் வலி. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் லேசாகத்தான். "காய்ச்சல் இல்லையே, சூட்டினால் போகிறது" என்று வீட்டில் வைத்துக்கொள்வது இங்கேதான் நடக்கிறது.

ஐந்தாம் ஆறாம் நாளில் பேதி குறையும். பெரும்பாலோருக்கு அத்தோடு சரியாகிவிடும். சிலருக்கு, பேதி தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரத்தில், எல்லாம் நல்லபடியாகத் தெரியும் நேரத்தில், எச்.யூ.எஸ். தலைகாட்டுகிறது. குடலில் கிருமி குறைந்துவிட்டது, ஆனால் அது விட்ட நச்சு சிறுநீரகத்தில் வேலையைத் தொடங்கிவிட்டிருக்கிறது. பிள்ளை வெளிறிப்போகும், சோர்ந்து படுக்கும், சிறுநீர் குறையும், கண் இமையும் காலும் வீங்கும், தோலில் சிவப்புப் புள்ளிகள் வரலாம். சிறுநீர் தேநீர் நிறத்தில் போகலாம்.

டயப்பர் போடும் குழந்தைக்குப் பேதியோடு கலந்துவிடுவதால் சிறுநீர் போனதா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். டயப்பரின் முன்பக்கம் ஒரு கற்றைப் பஞ்சு வையுங்கள், நனைந்ததா என்று தெரியும். எட்டு மணி நேரமாக நனையவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஆன்டிபயாட்டிக் ஏன் ஆபத்து

நச்சைத் தயாரிக்கும் மரபணு இ.கோலிக்குச் சொந்தமானதில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸ், அதாவது ஃபாஜ், அதைக் கொண்டுவந்து கிருமியின் மரபணுத் தொகுப்புக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. சாதாரண நாளில் அது தூங்குகிறது. கிருமியின் டிஎன்ஏ சேதமடைந்தால், இருப்பிடம் அழியப்போகிறது என்று விழித்துக்கொள்கிறது. தன்னைப் பல பிரதிகள் எடுக்கிறது, கூடவே நச்சையும் ஏராளமாகத் தயாரிக்கிறது, கடைசியில் கிருமியை வெடிக்கச் செய்து எல்லாவற்றையும் வெளியே கொட்டுகிறது. சிப்ரோஃப்ளாக்ஸசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் சரியாக அந்த டிஎன்ஏ சேதத்தைத்தான் உண்டாக்குகின்றன. கிருமி சாகும், நச்சோ ஒரே அடியாக வெளியேறும். 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓ157 தொற்றிய பிள்ளைகளில் ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கு எச்.யூ.எஸ். அதிகம் வந்தது தெரிந்தது.

இதற்காக ரத்தபேதி என்றாலே ஆன்டிபயாட்டிக் கூடாது என்று முடிவு கட்டவும் கூடாது. ஷிகெல்லாவாலோ அமீபாவாலோ வந்திருந்தால் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். எது என்று மலப் பரிசோதனை சொல்லும். அலமாரியில் மிச்சமிருக்கும் மாத்திரை சொல்லாது.

பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையும் ரத்தபேதிக்குக் கூடாது. குடலின் அசைவு நின்றால் நச்சு உள்ளேயே அதிக நேரம் தங்கும். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ஏற்கெனவே அடிபட்ட சிறுநீரகத்தை இன்னும் வதைக்கும். வலிக்கு பாரசிட்டமால், எடைக்கேற்ற அளவில், போதும். சார்க்கோல் மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிவிடும். ரத்தம் போவது தெரியாமல் மறைந்துவிடுவது அதில் உள்ள சங்கடம்.

இதுவரை: கிருமியை அடிக்கும் அவசரத்தில் நச்சைக் கூட்டிவிடக்கூடாது. சிறுநீரகத்துக்கு நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனையால் நாள்தோறும் கண்காணிப்பதுதான் சிகிச்சை.

பிளேட்லெட் குறைந்தால் டெங்கிதானா?

நம் ஊரில் பிளேட்லெட் என்றதும் டெங்கிக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும், பப்பாளி இலைச் சாறு அரைக்கத் தொடங்கிவிடுவோம். டெங்கியில் முதலில் கடும் காய்ச்சல் வரும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து ரத்தம் கெட்டியாவதால், ஹீமட்டோகிரிட் என்ற எண் ஏறும். எச்.யூ.எஸ்.ஸில் சிவப்பணு உடைவதால் ஹீமோகுளோபின் இறங்கும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும். ரத்தபேதி கண்ட பிள்ளைக்குப் பிளேட்லெட் குறைகிறது என்றால் டெங்கியை மட்டும் நினைத்து நின்றுவிடாதீர்கள்.

கிளினிக்கில் சொல்ல வேண்டியவை

அரசு கிளினிக்கில் பதிவு செய்யும்போதே மலாயில் 'சிரிட் பெர்டாரா', அதாவது ரத்தம் கலந்து போகிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் வயிற்றுவலி என்று எழுதிக்கொண்டால் வரிசையில் காத்திருக்க நேரிடும். பேதி எந்த நாளில் தொடங்கியது, ரத்தம் எந்த நாளில் வந்தது, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, பச்சைப் பால் குடித்தார்களா, மாட்டுக் கொட்டகை பக்கம் போனார்களா, என்ன மாத்திரை கொடுத்தீர்கள். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. மலத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டினாலும் மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார்.

மல மாதிரியை முதல் சில நாட்களிலேயே, எந்த மாத்திரையும் தொடங்குவதற்கு முன், ரத்தம் உள்ள பகுதியிலிருந்து எடுக்க வேண்டும். சிறுநீரோ கழிவறைத் தண்ணீரோ கலக்கக்கூடாது. பல ஆய்வகங்களில் வழக்கமான மலப் பரிசோதனை சால்மொனெல்லாவையும் ஷிகெல்லாவையும்தான் தேடும். ஷிகா நச்சைத் தனியாகக் கேட்டால்தான் பார்ப்பார்கள். ஓ157ஐப் பிடிக்க சார்பிட்டால் என்ற சர்க்கரை கலந்த வளர்ப்புத் தட்டு இருக்கிறது. சாதாரண இ.கோலி அந்தச் சர்க்கரையைத் தின்று இளஞ்சிவப்புப் புள்ளிகளாக வளரும். ஓ157 அதைத் தின்னாது, அதன் புள்ளிகள் நிறமில்லாமல் வெளிறி நிற்கும். மற்ற வகைகள் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவே வளர்ந்து கண்ணில் மண்ணைத் தூவிவிடும். அவற்றைப் பிடிக்க நச்சையோ நச்சின் மரபணுவையோ தேடும் பரிசோதனை வேண்டும். "ஷிகா நச்சுக்கும் பார்க்க முடியுமா, டாக்டர்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

உணவு நச்சும் ரத்தபேதியும் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 342இன்படி, மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியவை. அதிகாரிகள் வீட்டுக்கு வந்து தண்ணீரையும் பாலையும் கேட்டால் ஒளிக்க வேண்டாம். மாட்டுக்காரருக்குக் கெட்ட பெயர் வரும் என்று மறைத்தால், அதே பாலைக் குடிக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எச்சரிக்கை போகாது.

மருத்துவமனைக்குப் போகும் வரை ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பாக்கெட்டுக்குப் பாக்கெட் தண்ணீர் அளவு மாறும், சிலவற்றுக்கு 250 மில்லி, சிலவற்றுக்கு ஒரு லிட்டர். உறையில் போட்டிருக்கும் அளவில் கரைக்க வேண்டும், கெட்டியாகக் கரைத்தால் பேதி கூடும். பாக்கெட் இல்லையென்றால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. சிறுநீர் ஏற்கெனவே நின்றுவிட்டிருந்தால் நீரை ஊற்றிக்கொண்டே இருப்பதும் ஆபத்து, வடியாத நீர் நுரையீரலில் தேங்கும். அந்த நிலையில் எவ்வளவு நீர் என்பதை மருத்துவமனைதான் அளந்து சொல்ல வேண்டும்.

எச்.யூ.எஸ். வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு டயாலிசிஸ் தேவைப்படுகிறது. பலருக்கு அது சில நாள் அல்லது சில வாரம்தான், அதன்பின் சிறுநீரகம் தானே வேலையைத் தொடங்கிவிடும். வீடு திரும்பிய பிள்ளையை ஆண்டுக்கு ஒரு முறையாவது அழைத்துப்போய் ரத்த அழுத்தமும், சிறுநீரில் புரதம் ஒழுகுகிறதா என்பதும், கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். பிள்ளை துள்ளிக் குதித்து விளையாடினாலும் சிலருக்கு இந்த எண்கள் பல ஆண்டு கழித்துத்தான் மாறத் தொடங்கும். நோய் வந்த தேதியையும் மருத்துவமனை கொடுத்த சுருக்க அறிக்கையையும் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பிற்காலத்தில் எந்த மருத்துவர் பார்த்தாலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.